மணல் வளவில் தோட்டம் போட்டால் காசு மிஞ்சுமா?

கேள்வி: ஆரையம்பதியில் இருந்து ஒருவர், 2022 ஜூன் 16

சாப்பாட்டுத் தட்டுப்பாடு என்று நாளை தொடக்கம் வெள்ளிக்கிழமையில் அரச ஊழியருக்கு லீவாம், வீட்டில் பயிர் செய்யட்டுமாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. போன வருடம் 10 பையில் தக்காளியும் கறிமிளகாயும் வைத்தேன். விதை, பை, செம்மண், எரு, வலை எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் போனது. கிடைத்தது 3 கிலோ கூட இல்லை. இந்த மணலில் யாராவது உண்மையாகவே மிச்சம் பிடித்திருக்கிறீர்களா? பிடித்திருந்தால் கணக்கோடு சொல்லுங்கள்.

2022 ஜூன் 17, வெள்ளி

மட்டக்களப்பு கல்லடிப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் எங்கள் 15 பேர்ச் வளவு (ஏக்கரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு). முற்றத்தில் நடந்தால் கணுக்கால் புதையும் மணல். இன்று எனக்கும் முதல் வெள்ளி லீவு.

கணக்கு இருக்கிறது. போன ஒக்டோபரில் இருந்து ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வருகிறேன். 8 மாதத்தில் செலவு 4,150 ரூபாய். இதில் பெரியது எரு, அடுத்தது வேலிக் கம்பி. வளவில் இருந்து வந்ததைச் சந்தை விலைக்குப் போட்டால் 11,000 ரூபாய். கீரை 96 பிடி, பூசணி 7, கொச்சிக்காய், பயித்தங்காய், ஒரு வாழைக்குலை, முருங்கைக்காய், கொஞ்சம் தக்காளி.

அப்படியென்றால் 6,850 ரூபாய் மிச்சம். மணலில் முடியாது என்று சொல்லாதீர்கள்.

2022 ஜூன் 19

முன்னதில் எழுதிய கணக்கு பிழை. நேற்று இரவு கரண்ட் போன நேரம் விளக்கு வெளிச்சத்தில் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

பூசணி ஏழையும் 3,000 ரூபாய் என்று போட்டிருக்கிறேன். நாங்கள் தின்றது இரண்டுதான். ஐந்தை அயலுக்குக் கொடுத்தோம். கொடுத்தது நல்ல காரியம், ஆனால் அது எங்கள் வீட்டுச் செலவைக் குறைக்கவில்லை. கீரையும் அப்படியே. 96 பிடிக்கும் 40 ரூபாய் போட்டேன். தோட்டம் இல்லாத காலத்தில் அதில் பாதிதான் காசு கொடுத்து வாங்கியிருப்போம். பூசணியில் 2,150, கீரையில் 1,900 கழித்தால் வரவு 6,950. செலவு போக 2,800. மாதத்துக்கு 350 ரூபாய். இன்றைய விலைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி.

தக்காளியில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 9 கன்றில் 2 கிலோ 200 கிராம். பாதியைப் பூவிலேயே கச்சான் காற்று உதிர்த்துவிட்டது.

2022 ஜூன் 20

காத்தான்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார், கச்சான் காற்று என்றால் கடலையா என்று. கடலையைக் கச்சான் என்பதும் சரிதான் தம்பி. நான் சொன்னது வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கே இருந்து வரும் சூட்டுக் காற்றை. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இல்லாமல் எங்கள் பக்கம் இறங்குகிறது. பகல் 11 மணிக்குப் பிறகு பயித்தை இலையைத் தொட்டுப் பாருங்கள், அப்பளம் போலக் கிடக்கும். எங்களுக்கு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரைதான். ஜூனில் தோட்டம் தொடங்கு என்று கொழும்பில் இருந்து சொல்வது சுலபம்.

ஆனாலும் ஜூனில்தான் பசி வந்திருக்கிறது. என்ன செய்வது?

2022 ஜூன் 24, வெள்ளி

இன்று காலை 6 மணிக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கினோம். மணலில் தண்ணீர் நிற்காது என்று மூன்று பேர் எழுதியதால், நாங்கள் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

இரண்டு அடி ஆழம், மூன்று அடி அகலம். மணல் சரிந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை நெருக்கமாக அடுக்குகிறோம். மட்டையின் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், பொச்சு மேலே, முதுகு கீழே. முதல் அடுக்கின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு மணல், அதன் மேல் இரண்டாவது அடுக்கு. தென்னந்தோட்டக்காரர் மரத்தைச் சுற்றிப் புதைக்கிற அதே முறை. பொச்சு தண்ணீரைக் குடித்து வைத்திருந்து மெதுவாக விடும். அதற்கு மேல் வேலிக்கு நடுகிற கிளிசரியா மரத்தின் இலை ஒரு கட்டு, சாணி ஒரு வாளி, காய்ந்த வாழைச்சருகு, கடைசியில் மேல்மண்.

பொச்சு காய்ந்திருந்தால் முதலில் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த பொச்சைப் புதைத்து மேலே தண்ணீர் ஊற்றினால் அது ஓரமாக வழிந்து போகும். போன வருடம் ஒரு கிடங்கு அப்படித்தான் வீணானது. மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் பொச்சு தூள் பறக்கக் காய்ந்து கிடந்தது.

மகனுக்கு 11 வயது. காலையில் உரப்பையோடு போய் ரோட்டில் கட்டாக்காலி மாடு போட்ட சாணியைப் பொறுக்கி வருகிறான். முதல் நாள் வெட்கப்பட்டான். இப்போது அவனோடு இரண்டு பெடியன்கள் சேர்ந்திருக்கிறார்கள், யார் பை முதலில் நிறைகிறது என்று போட்டி.

எருவுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று இப்போது எழுதலாம். முன்னமே யோசித்திருந்தால் அந்த 4,150இல் பாதி மிஞ்சியிருக்கும்.

2022 ஜூன் 26

14 மரவள்ளித் தடி நட்டோம். வவுணதீவில் இருந்து மாமி பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒரு சாண் நீளம், மூன்று அடி இடைவெளி.

மாமியின் வயலில் போன பெரும்போகத்தில் வழமையாக வருகிற நெல் மூடையில் பாதி கூட வரவில்லை. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்களே, அதன் பலன். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் விதைத்தாகிவிட்டது. இப்போது யூரியா ஒரு பை 40,000 ரூபாய் வரை போகிறது என்றார். "அந்தச் சண்டைக் காலத்திலயும் யூரியாவை செக்பொயின்ட் தாண்ட விடல்ல புள்ள. எருவப் போட்டுத்தானே செய்தம். ஆனா அப்ப பட்டி நிறைய மாடு இருந்திச்சி. மறுகா மாட்டையும் வித்துப்போட்டம்" என்றார்.

இயற்கை உரம் நல்லதா கூடாதா என்று இங்கே இரண்டு பக்கமாக நின்று அடிபடுகிறவர்கள் மாமி சொன்னதைக் கவனிக்க வேண்டும். 15 பேர்ச்சுக்கு என் மகனின் சாணிப் பை போதும். 5 ஏக்கர் வயலுக்கு அது எங்கே இருக்கிறது? என் வளவில் நடப்பதை வைத்து வயல்காரருக்குப் புத்தி சொல்ல நான் வரமாட்டேன்.

2022 ஜூலை 3

பெற்றோல், டீசல் அத்தியாவசிய சேவைக்கு மட்டும் என்று அறிவித்த நாளில் இருந்து மரக்கறி லொறி வரவில்லை. நுவரெலியா கரட், லீக்ஸ், போஞ்சி ஒன்றும் இல்லை. வள்ளங்களுக்கு எண்ணெய் இல்லாததால் மீனும் தங்க விலை. ஊரே கரைவலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கிழமை வீட்டுச் சமையல்: முருங்கையிலைச் சொதி, பசளிக்கீரை, பிஞ்சுப் பலாக்காய் (அயல்வீட்டில் தந்தது), சாறணைச் சுண்டல். சாறணை நாங்கள் நட்டதே இல்லை. மணலில் தானாகப் படர்ந்து கிடந்ததை இத்தனை வருடமாகப் புல் என்று பிடுங்கி எறிந்தேன். அம்மாதான் குனிந்து கிள்ளத் தொடங்கினார். நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துவிட்டு, தேங்காய்ப்பூவும் மாசித்தூளும் போட்டுச் சுண்டினால் சோறு இறங்குகிறது.

இதை எழுதும்போது ஒன்று பிடிபடுகிறது. நாங்கள் இருவரும், நீங்களும் நானும், சந்தையில் வாங்குகிற சாமானை வளவில் உண்டாக்கப் பார்த்தோம். தக்காளி, கறிமிளகாய். அது மலைநாட்டுக்காரரிடம் இருந்து வர வேண்டியது. இந்த மணல் எதைத் தருகிறதோ அதைச் சமைக்கப் பழகினால்தான் சந்தைக்குப் போகிற காசு குறையும். இன்னும் யோசிக்க வேண்டும்.

2022 ஜூலை 4

அடுப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. விலையை விடுங்கள், சாமானே இல்லை. நாங்கள் தென்னம்பாளை, கொக்கறை, சிரட்டை எரிக்கிறோம். மழை வந்தால் இது நனைந்துவிடும், ஆகவே இப்போதே பந்தலுக்குக் கீழே அடுக்கிவிட்டோம்.

விறகைப் பாதியாகக் குறைத்தது ஒரு மீன் பெட்டி. மீன் வியாபாரிகள் ஐஸ் போடும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, ஓரம் உடைந்தது, சும்மா தந்தார்கள். நன்றாகக் கழுவி வெயிலில் நான்கு நாள் வைத்தேன். அடியில் பழைய சாரம், சுற்றிலும் பழைய சீலை. பருப்பை அடுப்பில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியோடு அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, மேலே தலையணை வைத்து மூடிவிடுவேன். ஒரு மணித்தியாலத்தில் பருப்பு மலர்ந்திருக்கும். சோறும் இப்படியே, தண்ணீரை மட்டும் வழமையை விடக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கௌபியை இரவே ஊறப்போட்டு, 15 நிமிடம் கொதிக்கவைத்து, மூன்று மணித்தியாலம் விட வேண்டும். பானை நிறைய இருக்க வேண்டும், அரைப் பானை என்றால் சூடு நிற்காது. இடையில் திறந்து பார்க்கவும் கூடாது. இவர் திறந்து பார்த்துப் பார்த்தே இரண்டு நாள் சோறு அரைவேக்காடாக வந்தது. பெட்டியின் மேல் இப்போது மகன் "அப்பா திறக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.

இறைச்சிக்கும் மீனுக்கும் இதைப் பாவிக்க வேண்டாம். அடுப்பிலேயே வேகட்டும்.

2022 ஜூலை 9

கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த செய்தியைப் பகல் முழுக்கக் கேட்டோம். பின்னேரம் மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். 14இல் 11 துளிர்த்திருக்கிறது. மூன்றைக் காற்று கருக்கிவிட்டது.

2022 ஓகஸ்ட் 12, வெள்ளி

ஒரு மாதமாக எழுதவில்லை. கிணற்றைக் கெடுத்துவிட்டேன்.

ஜூலை நடுவில் வெயில் தாங்காமல் பாத்திக்குத் தண்ணீர் போதவில்லை என்று மோட்டரைக் காலையும் மாலையும் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். பத்து நாளில் பயித்தை இலையின் ஓரம் பழுப்பாகக் கருகியது, நெருப்புப் பிடித்த கடதாசி போல, ஓரத்தில் இருந்து உள்நோக்கி. பூச்சி என்று நினைத்துச் சாம்பல் தூவினேன். அடுத்த நாள் அம்மா தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். "தண்ணி சவர்க்குது."

கடலோரத்தில் எங்கள் கிணற்று நல்ல தண்ணீர் மழையால் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்பது. கணக்கு இப்படி: நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே 40 அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே கொஞ்சம் இறங்கினாலே கீழே இருந்து உப்பு ஏறிவிடும். மோட்டர் வேகமாக உறிஞ்சும்போது கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பு போல எழும்பி வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகளைச் சுத்தப்படுத்தும்போதே, கண்டபடி இறைத்தால் உப்பு கூடும் என்று கற்றவர்கள் சொன்னார்கள். அப்போது கேட்டது இப்போது மறந்து போயிற்று.

இரண்டு கிழமை மோட்டரைத் தொடவில்லை. வாளியால் மட்டும், விடியற்காலையில் 20 வாளி, பொழுதுபடும் நேரம் 15. மெதுவாகச் சுவை திரும்புகிறது. முருங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பசளியும் தாங்கியது. பயித்தை போய்விட்டது.

மின்கட்டணமும் முந்தாநாள் சராசரியாக 75 வீதம் கூடியிருக்கிறது. அரைக் குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கிட்டப் போகும். இதைக் கொப்பியில் நான் செலவாக எழுதியதே இல்லை. ஆரையம்பதி அண்ணா, உங்கள் பக்கம் இன்னொரு புள்ளி.

2022 ஓகஸ்ட் 14

கனடாவில் இருந்து ஒரு அக்கா கேட்கிறார், கையால் இறைத்தால் நாரி நோகாதா என்று. நோகும் அக்கா. அதனால்தான் தண்ணீர் தேவைப்படுகிற பயிரைக் குறைத்துவிட்டோம். முகம் கழுவுகிற, பாத்திரம் அலசுகிற தண்ணீர் இப்போது நேராக வாழையடிக்கு. சவர்க்காரம் கூடிய தண்ணீரை மட்டும் விடுவதில்லை. மீன் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு.

2022 ஓகஸ்ட் 23

வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய். இதைப் பற்றி எழுத இன்றைக்கு மனம் இல்லை. பக்கத்து வளவில் வள்ளம் வைத்திருக்கிறவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டு முருங்கையிலை கொடுத்துவிட்டு வந்தேன்.

2022 செப்டெம்பர் 11

கொச்சிக்காய்க் கன்றின் இலை சுருண்டால் என்ன செய்வது என்று நான்கு பேர். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி வெயிலில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்கிற அளவில் மஞ்சள் நிறத்தில் ஓடும், அதுதான் பனிப்பூச்சி. வேப்பங்கொட்டையை உடைத்து, பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, ஒரு துளி சவர்க்காரம் சேர்த்துப் பொழுதுபட அடியுங்கள். கிழமைக்கு ஒரு தடவை. சுருண்ட இலை விரியாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். புது இலை நேராக வருகிறதா என்று பாருங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் வராவிட்டால் பிடுங்கி எரித்துவிடுங்கள், மற்றதுக்குப் பரவும். நான் இரண்டைப் பாவம் பார்த்து வைத்திருந்து ஐந்தை இழந்தேன்.

விதை: கடையில் வாங்கிய ஒரு பைக்கற்றில் 30 விதை போட்டு மூன்றுதான் முளைத்தது. இப்போது பழுத்த கொச்சிக்காயில் இருந்து நானே எடுத்து நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் வைக்கிறேன். வீரிய இனத் தக்காளியில் இப்படிச் செய்தால் தாயைப் போலப் பிள்ளை வராது. நாட்டுக் கொச்சி, பயித்தை, வெண்டி, கீரை, பூசணி எல்லாம் வரும். பூசணியும் பயித்தையும் அயலில் நல்லதாகக் காய்த்த வீட்டில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் மணலில் காய்த்தது உங்கள் மணலிலும் காய்க்கும்.

2022 ஒக்டோபர் 30

மழை! இரண்டு கிழமையாகப் பெய்கிறது. தவளை கத்துகிற சத்தத்தில் நித்திரை இல்லை, அப்படி ஒரு சந்தோசம்.

மழையோடு 10 மரவள்ளித் தடி புதிதாக நட்டேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை, பத்தும் துளிர்த்துவிட்டது. ஜூனில் நட்டது பிழை என்று முன்னமே தெரியும், இப்போது கண்ணால் பார்த்தாயிற்று. கோடையில் கிடங்கு வெட்டி எரு சேர்த்து வைப்பது, மாரியில் நடுவது. எங்கள் பக்கத்து ஒழுங்கு இதுதான். பொச்சுக் கிடங்கு நான்கும் இப்போது மண்புழுவோடு இருக்கிறது.

துக்கமும் உண்டு. புதன்கிழமை இரவு கட்டாக்காலி மாடு இரண்டு படலையைத் தள்ளிக்கொண்டு வந்து பசளிப் பந்தலை முழுக்கத் தின்றுவிட்டது. மாட்டுக்காரர் யார் என்று தெரியும். சண்டைக்குப் போகவில்லை, அவர் வீட்டிலும் தீவனம் இல்லை. கிளிசரியாத் தடி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி வேலியை அடைத்திருக்கிறோம். வேர் பிடித்தால் வேலியும் ஆகும், வெட்ட வெட்டப் பசளையும் ஆகும்.

செப்டெம்பரில் உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் கூடியது என்று கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் சொல்கிறது. கோதுமை மா கிலோ 400 ரூபாயைத் தொட்டது. எங்கள் வீட்டில் பாண் நின்று இரண்டு மாதம்.

2022 நவம்பர் 24

1978 சூறாவளி நினைவு நாள் நேற்று. அம்மாவுக்கு அப்போது 14 வயது. வழமையாக வாய் திறக்கமாட்டார், நேற்று மழைச் சத்தத்தில் சொன்னார். விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துக் கிடந்ததாம். விழுந்த மரத்தின் குருத்தை வெட்டிப் பச்சையாகவும் அவித்தும் நாள்கணக்கில் தின்றார்களாம். மண்ணுக்குள் இருந்த மரவள்ளியும் வற்றாளையும் தப்பியதாம். "மேல இருந்ததெல்லாம் போச்சி, கீழ இருந்ததுதான் மிச்சம்" என்றார். அதனால்தான் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் வேலியோரம் ஒரு மரவள்ளித் தடியாவது ஊன்றிவிடுவார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. கடையில் எல்லாம் இருக்கும்போது எதற்கு இது என்று கேட்டிருக்கிறேன்.

இன்று இரண்டு வரி வற்றாளைக் கொடி நட்டேன்.

2023 மார்ச் 12

மரவள்ளி கிண்டினோம். ஜூனில் நட்ட 11 மரம், எட்டரை மாதம். மணல் என்பதால் இவர் தடியைப் பிடித்து ஆட்டி இழுக்க, கிழங்கு கொத்தோடு வந்தது, ஒன்றும் முறியவில்லை. கல்மண்ணில் அலவாங்கு போட வேண்டியிருக்கும். கழுவித் தராசில் வைத்தோம், 34 கிலோ. ஒரே நாளில் எல்லாம் கிண்டவில்லை. கிண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கறுத்துவிடும். தேவைக்கு ஒன்று ஒன்றாக, மண்தான் எங்கள் குளிர்சாதனப் பெட்டி.

சமைப்பதைப் பற்றிக் கவனமாக எழுதுகிறேன், பிள்ளைகள் தின்கிற சாமான். மரவள்ளியில் இயல்பாகவே சயனைட் உண்டாக்கும் நஞ்சு இருக்கிறது, கசக்கிற இனத்தில் இன்னும் கூடுதலாக. உள்ளே இருக்கும் தடித்த இளஞ்சிவப்புத் தோலையும் சேர்த்து உரிக்க வேண்டும். நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கசந்தால் துப்பிவிடுங்கள், வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். மேலே சொன்ன மீன் பெட்டியில் மரவள்ளியை வைக்காதீர்கள். ஜூலையில் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

மரவள்ளியோடு இஞ்சி கூடாது என்பது பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் வீட்டிலும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. நஞ்சு கிழங்கில் இருக்கிறது, தண்ணீரை வடிப்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அம்மா இருக்கும் வரைக்கும் அன்றைக்கு எங்கள் வீட்டில் இஞ்சித் தேத்தண்ணீர் இல்லை. அதை மீற எனக்கு விருப்பமும் இல்லை.

அவித்த கிழங்கு, கொச்சிக்காய்ச் சம்பல், சூடை மீன் குழம்பு. மகன் மூன்று தரம் கேட்டு வாங்கினான்.

2023 மார்ச் 19

கடைசிக் கணக்கு, கேட்டவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜூலை முதல் பெப்ரவரி வரை 8 மாதம். செலவு 1,900, மோட்டர்க் கரண்டையும் சேர்த்து. வரவை இந்தத் தடவை வேறு விதமாகப் போட்டேன். விளைந்ததைச் சந்தை விலைக்குப் போடவில்லை. கடையில் வாங்காமல் விட்டதை மட்டும் எழுதினேன். பாண் இல்லை, கரட் இல்லை, கொச்சிக்காய் ஆறு மாதம் வாங்கவில்லை, காலைச் சாப்பாடு கிழமைக்கு மூன்று நாள் முருங்கையிலைக் கஞ்சி. அப்படிப் பார்த்தால் மரக்கறிக்கும் மாவுக்கும் போகிற காசில் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் நின்றிருக்கிறது. முதல் கணக்கில் 350.

விளைச்சல் இந்த அளவுக்குக் கூடவில்லை. அதே 15 பேர்ச். சட்டிக்குள் போவது மாறியிருக்கிறது. தக்காளிக் கறியை விட்டுவிட்டோம், புளிக்குப் புளிச்சங்காயும் பழப்புளியும். இது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். வாடகை வீட்டில், கிணறு இல்லாமல், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதி உதவாது. அவர்கள் ஒரு முருங்கைக் கொப்பும் ஒரு கொச்சிக்காய்ச் சட்டியும் வைத்தால் போதும்.

2023 செப்டெம்பர் 30

ஆரையம்பதி அண்ணா போன கிழமை எழுதியிருந்தார், இந்த மாரியில் தானும் தொடங்கப் போவதாக, தக்காளி இல்லாமல். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணா, போன ஒக்டோபரில் நட்டதில் கடைசி நான்கு மரத்தையும் இன்று கிண்டிவிட்டு, தடியை உங்களுக்கென்று வெட்டி நிழலில் நிறுத்தி வைத்திருக்கிறேன், 20 தடி. நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்தேன், நுனி பிஞ்சு, அடி முற்றல். இவர் வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறார், சைக்கிளில் கட்டிவிடுகிறேன். மழை நன்றாக விழும் வரைக்கும் நட வேண்டாம், ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். நடும்போது மொட்டு மேலே பார்க்க வேண்டும். மாறிவிடக் கூடாது என்று மேல் நுனி எல்லாவற்றிலும் மகன் நீலப் பெயின்ட் தொட்டு வைத்திருக்கிறான்.